உயர்தர ஹைஃபை ஸ்பீக்கர் உங்கள் அறைக்கும் உங்கள் இசைக்கும் ஒத்துவருமா? வாங்குவதற்கு முன் முடிவெடுக்கும் முறை

புதிதாக இந்தப் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் ஸ்பீக்கரைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்புறம் அதற்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தேடுகிறார்கள், கடைசியில் அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு பேஸ் (தாழ்ந்த ஒலி) ஏன் இப்படிக் குமுறுகிறது என்று கேட்கிறார்கள். வரிசை தலைகீழாக இருப்பதுதான் கோளாறு. அறை முதலில், இசை இரண்டாவது, எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள் என்பது மூன்றாவது, ஸ்பீக்கர் கடைசி. இந்த வரிசையில் போனால் பாதிக்கு மேற்பட்ட மாடல்கள் நீங்கள் ஒன்றைக்கூடக் கேட்பதற்கு முன்பே காகிதத்திலேயே கழிந்துவிடும்.

தேவையானவை அதிகமில்லை: அளவு நாடா, காகிதம், தரையில் ஒட்ட காகித டேப், இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள், இப்போது கையில் இருக்கும் ஏதாவது ஒரு ஜோடி ஸ்பீக்கர். முடிந்தால் ஒரு அளவீட்டு மைக்கும் மடிக்கணினியும். மினிடிஎஸ்பி யூமிக்-1 மாதிரியான யுஎஸ்பி மைக், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள், இந்த இரண்டும் வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். மைக் இல்லையென்றாலும் கீழே உள்ளதில் முக்கால்வாசியைச் செய்யலாம்.

1. அறையை அளந்து வரையுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். கதவு, ஜன்னல், திறந்த வாசல், அலமாரி, சோபா எல்லாம் எங்கே இருக்கின்றன என்று குறியுங்கள். எந்தச் சுவர் கல், எது மெல்லிய தடுப்பு, எது கண்ணாடி என்பதும் வேண்டும், ஏனென்றால் கல்சுவர் பேஸை அறைக்குள்ளேயே திருப்பியனுப்பும், மெல்லிய தடுப்பு கொஞ்சம் உறிஞ்சியும் கொஞ்சம் வெளியே கசியவிட்டும் விடும், கண்ணாடி மேல்ஸ்தாயியைக் கூர்மையாக எறியும்.

அடுத்து நிஜமாகவே ஸ்பீக்கர் நிற்கக்கூடிய இடங்களைக் குறியுங்கள். ஆசைப்படும் இடங்களை அல்ல. கதவு திறக்கும் பாதையில் ஸ்பீக்கர் நிற்காது. ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் வைக்கலாம் என்று இன்று நினைத்து, வாங்கிய பிறகு வீட்டில் நடமாட இடமில்லாமல் அதைச் சுவரோடு தள்ளிவைப்பவர்கள் ஏராளம். அந்தத் தருணத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர் வேறொன்றாக மாறிவிடுகிறது. அதனால் இப்போதே தரையில் டேப் ஒட்டி, அந்த இடத்தில் ஸ்பீக்கர் அளவுக்கு அட்டைப் பெட்டியை நிறுத்தி ஒரு வாரம் அதோடு வாழ்ந்து பாருங்கள். வீட்டில் யாராவது அதை நகர்த்தினால், அந்த இடம் உங்களுக்குக் கிடையாது என்று இப்போதே தெரிந்துகொண்டீர்கள்.

உட்காரும் இடத்தையும் குறியுங்கள். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரம் பின்னால் பல கணக்குகளில் வரும்.

2. பேஸ் எங்கே குவியும் என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், இதில்தான் முடிவின் பெரும்பகுதி இருக்கிறது.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே ஒத்ததிர ஆரம்பிக்கும். இதை ரூம் மோட் என்கிறோம். கணக்கு எளிது: 172-ஐ மீட்டர் அளவால் வகுங்கள், அடியில் அளந்திருந்தால் 565-ஐ வகுங்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் முதல் மோட்கள் சுமார் 34, 43, 57 ஹெர்ட்ஸில் வரும். அவற்றின் இரட்டிப்பு, மும்மடங்கிலும் அடுத்தடுத்த மோட்கள் இருக்கும்.

இப்போது அந்த எண்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள். 4க்கு 4 சதுர அறை என்றால் இரண்டு திசையிலும் 43 ஹெர்ட்ஸ்தான், அந்த ஒரு சுரம் மட்டும் பாட்டை விழுங்கும். 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் உயரமும் இருந்தால் நீளத்தின் இரண்டாம் மோடும் உயரத்தின் முதல் மோடும் ஒரே 69 ஹெர்ட்ஸில் மோதும். இப்படி மோதும் அறைக்குள் 25 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், தரையில் நிற்கும் பெரிய டவர் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தால், காசு கொடுத்து வாங்கிய ஆழம் முழுவதும் அந்த ஒற்றைக் குமுறலை ஊதிப் பெருக்கத்தான் பயன்படும்.

அடுத்து இன்னொரு சின்னக் கணக்கு. பேஸைத் தரும் பெரிய கூம்பான வூஃபரிலிருந்து பின்பக்கச் சுவருக்கு உள்ள தூரத்தால் 86-ஐ வகுங்கள். ஒரு மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ், அரை மீட்டர் என்றால் 172 ஹெர்ட்ஸ். தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரின் பின்னாலும் பரவி, சுவரில் பட்டுத் திரும்பும்போது நேர் ஒலிக்கு எதிர்க்கட்டத்தில் வந்து சேர்வதால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். பக்கச் சுவருக்கும் தரைக்கும் இதே கணக்குதான். வூஃபர் மூன்று பரப்புகளிலிருந்தும் ஒரே தூரத்தில் இருந்தால் மூன்று பள்ளங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஆழமாகிவிடும், எனவே மூன்று தூரங்களும் வெவ்வேறாக இருப்பது நல்லது.

இந்த விஷயங்கள் எந்த அதிர்வெண் வரை ஆட்சி செய்யும்? ஷ்ரோடர் அதிர்வெண் என்று ஒரு எல்லை உண்டு. அறையின் எதிரொலி நேரத்தை (ஒலி நின்ற பிறகு அது அடங்க ஆகும் நேரம்) நொடியில் எடுத்து, கன மீட்டரிலான கொள்ளளவால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு 2000-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். மேலே சொன்ன 60 கன மீட்டர் அறையில் எதிரொலி நேரம் 0.5 நொடி என்றால் 180 ஹெர்ட்ஸ் சொச்சம். அதற்குக் கீழே நீங்கள் கேட்பது பெரும்பாலும் அறையின் குரல். அதற்கு மேலே போகப்போகத்தான் ஸ்பீக்கரின் குணம் தெளிவாக வெளியே வரும். உயர்தர ஸ்பீக்கரில் நீங்கள் கொடுக்கும் தொகையில் பெரும்பங்கு பெரிய வூஃபருக்கும் பெரிய கனமான பெட்டிக்கும் போகிறது என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

3. இருக்கிற ஸ்பீக்கரை வைத்து அறையைச் சோதியுங்கள்

காகிதக் கணக்கு செவ்வக அறைக்குத்தான் நன்றாகப் பொருந்தும். திறந்த வாசலோ எல் வடிவமோ இருந்தால் எண்கள் நகர்ந்துவிடும், அதனால் அளந்து சரிபார்க்க வேண்டும். நல்ல ஸ்பீக்கர் வந்த பிறகு அளக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், மோட்கள் அறையுடையவை, சுமாரான ஸ்பீக்கரும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். ரொம்பச் சின்ன ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தராது, அந்தப் பகுதிக்கு மட்டும் யாரிடமாவது ஆழ்ந்த பேஸுக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபர் இரவல் வாங்குங்கள்.

மைக்கை நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் நிறுத்துங்கள். அந்த மைக்குக்கு உரிய அளவுத்திருத்தக் கோப்பை மென்பொருளில் ஏற்ற மறக்காதீர்கள். மென்பொருளின் சோதனை டோனை ஸ்பீக்கரில் ஓட்டி, 20 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மட்டும் முதலில் பாருங்கள், கிராஃபை மழுப்பாமல் பாருங்கள். கோட்டை வழவழப்பாக்கும் ஸ்மூத்திங்கை ஏற்றி வைத்துவிட்டு ‘என் அறை நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நினைப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. மேடுகள் எத்தனை டெசிபல், பள்ளங்கள் எங்கே, அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உட்காரும் இடத்தை அரை மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள்.

மைக் இல்லையா? 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை அடக்கமான சத்தத்தில் ஓட்டி, நாற்காலியில் உட்கார்ந்து எங்கே வீங்குகிறது, எங்கே காணாமல் போகிறது என்று எழுதுங்கள். அப்புறம் ஒரே டோனை நிறுத்திவைத்து அறைக்குள் நடந்து பாருங்கள். அறையின் நீளத்தில் சரியாகப் பாதியில் முதல் மோட் வற்றிப்போவதையும், சுவரோரத்தில் அது பொங்குவதையும் காதாலேயே உணர்வீர்கள். முதுகுப்பக்கச் சுவரை ஒட்டிய சோபாவும், அறையின் நட்டநடுவில் போட்ட நாற்காலியும் ஏன் மோசமான இடங்கள் என்பது அப்போது விளங்கும். முன்சுவரிலிருந்தோ பின்சுவரிலிருந்தோ அறை நீளத்தில் 38 சதவீதத் தூரம் என்பதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது தொடக்கம்தான்.

மேல்ஸ்தாயிக்குக் கை தட்டிப் பாருங்கள். ‘டிர்ர்ர்’ என்று உலோகம் மாதிரி ஒரு நடுக்கம் வந்தால் இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதைத் தடித்த திரை, கம்பளம், புத்தக அலமாரி கொண்டு சரிசெய்யலாம். பேஸை அப்படிச் சரிசெய்ய முடியாது. 50 ஹெர்ட்ஸில் கால் அலைநீளமே 1.7 மீட்டர். 5 சென்டிமீட்டர் ஸ்பாஞ்சை ஒட்டினால் மேல்ஸ்தாயி மட்டும் செத்து, குமுறல் அப்படியே இருக்கும், அறை முன்பைவிட மந்தமாகத்தான் கேட்கும்.

4. உங்கள் இசைக்கு உண்மையில் என்ன வேண்டும்

டெமோவுக்குப் போடும் பாட்டுகளை மறந்துவிடுங்கள். கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் கேட்டதன் பட்டியலை உங்கள் பிளேயரிலிருந்தே எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் ‘நான் எல்லாவகை இசையும் கேட்பேன்’ என்று சொல்பவர்களின் பட்டியலில் பெரும்பாலும் இரண்டு வகைதான் இருக்கும்.

அந்த இசை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். பாடும் குரலின் அடிப்படைச் சுரம் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். வயலினின் வழக்கமான கீழ்த்தந்தி 196 ஹெர்ட்ஸ், செல்லோவுடையது 65. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி 41, ஐந்து தந்தி என்றால் 31. பியானோவின் கடைசிக் கட்டை 27.5. பெரிய பைப் ஆர்கனின் 32 அடிக் குழாய் 16 ஹெர்ட்ஸ் வரை போகும். எலக்ட்ரானிக் இசையும் இன்றைய திரையிசையின் சின்த் பேஸும் 30க்குப் பக்கத்தில் சாதாரணமாக உலவுகின்றன.

உங்கள் பட்டியலில் குரலும் தந்தி வாத்தியமும் தாள வாத்தியமும்தான் முக்கால்வாசி என்றால் 45 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக இறங்கும் ஸ்பீக்கர் போதும். ஆழ்ந்த பேஸுக்குப் போகும் தொகையை நடுஸ்தாயியின் தரத்துக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம். மூன்று வூஃபர் வைத்த டவரை வாங்கி அதன் கீழ் எட்டுஸ்வரத்தை (ஆக்டேவை) வருடக்கணக்கில் சும்மா வைத்திருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

இரண்டாவது கேள்வி, இசையின் ஏற்ற இறக்கம். பெரிய வாத்தியக் குழுவின் நல்ல பதிவில் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே 20 டெசிபல் இருக்கலாம். அழுத்திப் பிசைந்து மாஸ்டர் செய்த பாட்டில் அது 8, 10 டெசிபலிலேயே நின்றுவிடும். முதல் வகைக்குத்தான் ஆம்பிலும் ஸ்பீக்கரிலும் பெரிய இருப்பு வேண்டும்.

மூன்றாவது, பதிவின் தரம். பழைய மோனோ பதிவுகள்தான் உங்கள் உயிர் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ட்வீட்டர் (மேல்ஸ்தாயியைத் தரும் சின்ன டிரைவர்) பகுதியைத் தூக்கிக் காட்டும் ‘துல்லியமான’ ஸ்பீக்கரில் அந்தப் பதிவின் இரைச்சலும் கீச்சலும் முன்னால் வந்து நிற்கும். நேரான, சமநிலையான ஸ்பீக்கர் அப்படிச் செய்யாது. ‘நல்ல ஸ்பீக்கர் என்றால் மோசமான பதிவைக் கேட்கவே முடியாது’ என்பதை நான் ஏற்பதில்லை. அப்படிக் கேட்க முடியாமல் போகும் இடங்களில் பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு மேடு இருக்கிறது.

5. எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள் என்று அளந்துவிடுங்கள்

போனில் ஒலியளவு காட்டும் ஒரு செயலியைப் போட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவில் ஒரு மாலை முழுவதும் குறித்துப் பாருங்கள். ஊகம் வேண்டாம், ஊகத்தில் எல்லோரும் தங்களைச் சத்தமாகக் கேட்பவர்களாகவே நினைக்கிறார்கள்.

கணக்கை ஒரு தடவை போட்டுக்காட்டுகிறேன். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல். நீங்கள் 3 மீட்டரில் உட்காருகிறீர்கள். திறந்தவெளியில் அந்தத் தூரத்துக்கு 9.5 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் இருப்பதால் 3 கூடும், சுவர்கள் திருப்பித் தருவதில் உத்தேசமாக இன்னொரு 3. ஆக ஒரு வாட்டில் நாற்காலியில் 82.5. சராசரி 80-இல் கேட்டு உச்சத்துக்கு 20 விட்டால் 100 டெசிபல் வேண்டும், இன்னும் 17.5 தேவை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 56 வாட். சென்சிட்டிவிட்டி 90 என்றால் இதே வேலை 22 வாட்டில் முடியும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாகும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல நிறுவனங்கள் 2.83 வோல்ட்டுக்குத்தான் சென்சிட்டிவிட்டி சொல்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஒரு வாட், 4 ஓமில் இரண்டு வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் 89 என்று எழுதியிருந்தால் ஒரு வாட் கணக்கில் அது 86தான். குறைந்தபட்ச இம்பிடென்ஸையும் (ஸ்பீக்கர் ஆம்புக்குக் காட்டும் மின்தடை) பாருங்கள், ‘8 ஓம்’ என்று அச்சிட்ட ஸ்பீக்கர் ஏதோ ஒரு அதிர்வெண்ணில் 3 ஓமுக்கு இறங்கினால் எளிய ஆம்ப் அங்கே திணறும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஸ்பீக்கரின் இம்பிடென்ஸ் ஏறி இறங்குவதைப் பொறுத்து ஒலியின் சமநிலையே மாறிவிடும்.

மெதுவாகக் கேட்பவர்களுக்கு வேறு பிரச்சினை. சத்தம் குறையக் குறைய காதுக்கு பேஸ்தான் முதலில் மங்கும், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை வரைந்து காட்டிவிட்டார்கள். இரவில் 60, 65 டெசிபலில்தான் கேட்பேன் என்றால், விலையுயர்ந்த ஸ்பீக்கரைவிட டோன் கண்ட்ரோலோ, மெதுவான சத்தத்தில் பேஸைத் தூக்கித்தரும் லவுட்னஸ் வசதியோ உள்ள ஆம்ப் அதிகம் உதவும். சத்தமாகக் கேட்பவர்கள் காதையும் நினைக்க வேண்டும்: 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் பணிப்பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான நையோஷ் பணியிடங்களுக்குச் சொல்லும் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்.

6. எந்த வகை உங்கள் அறைக்கு, எந்த வகை இல்லவே இல்லை

இப்போதுதான் ஸ்பீக்கர் பக்கம் வருகிறோம். பெயர்களுக்கு முன்னால் வகையைக் கழியுங்கள்.

சுவரோடு ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால் பின்பக்கம் போர்ட் (பேஸுக்கான குழாய்த் துளை) உள்ள பெரிய டவர்கள் கழிந்துவிட்டன. மூடிய பெட்டி ஸ்பீக்கர் கீழே போகும்போது ஒவ்வொரு எட்டுஸ்வரத்துக்கும் 12 டெசிபல் என்று மெதுவாக இறங்கும், போர்ட் வைத்தது 24 என்று செங்குத்தாக விழும். சின்ன அறையும் சுவர் அருகாமையும் கீழே கொடுக்கும் கூடுதல் பலம் அந்த மெதுவான சரிவோடு நன்றாகச் சேர்ந்துகொள்ளும். போர்ட் ஸ்பீக்கர்தான் பிடித்திருக்கிறது என்றால் போர்ட்டை அடைக்கும் ஸ்பாஞ்ச் தருகிறார்களா என்று பாருங்கள், அது நல்ல தற்காப்பு.

பக்கச் சுவர்கள் நெருக்கமாக இருந்தால் ஒலியைக் கட்டுப்பாடாக முன்னால் செலுத்தும் வேவ்கைட், ஹார்ன் வகைகள் நிம்மதி தரும். விசாலமான அறையில் அகலமாகப் பரப்பும் ஸ்பீக்கர் அழகாக விரியும். கிளிப்ஷ்ஹார்ன் 1946 முதல் இருக்கும் வடிவம், அறையின் மூலையையே தன் ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்திக்கொள்வது அதன் அடிப்படை. ஒரே சுவரில் இரண்டு காலியான மூலைகள் இல்லாத வீட்டுக்கு அதை விரும்புவது செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை.

மாக்னபான் பலகைகள், 1957-இல் வந்த குவாட் மின்நிலை ஸ்பீக்கரின் வழிவந்தவை, இவையெல்லாம் முன்னும் பின்னும் சமமாக ஒலிக்கும். பக்கவாட்டில் ஒலி வற்றுவதால் பக்கச் சுவர் தொல்லை குறைவு, ஆனால் பின்னால் குறைந்தது ஒரு மீட்டராவது காலியாக வேண்டும். குரலுக்கும் தந்திக்கும் மனம் நிறையும். அடித்து நொறுக்கும் பேஸுக்கு இவை அல்ல.

சின்ன அறையில் பக்கத்தில் உட்கார்ந்து அடக்கமாகக் கேட்பவர்களுக்குச் சின்ன ஸ்பீக்கர் குறைப்பட்ட தேர்வு அல்ல. பிபிசியின் எல்.எஸ். 3/5ஏ வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது, சென்சிட்டிவிட்டி 83 அளவில்தான், ஆழ்ந்த பேஸ் கிடையாது, ஆனால் அந்த வழியில் வந்தவற்றை இன்றும் பலர் குரலுக்காகவே தேடி வாங்குகிறார்கள். மாறாக, வூஃபர், ட்வீட்டர் என்று பல டிரைவர்களை உயரமாக அடுக்கிய ஸ்பீக்கருக்கு 2.5, 3 மீட்டர் தூரமாவது வேண்டும், இல்லாவிட்டால் ட்வீட்டர் ஓரிடத்திலும் வூஃபர் ஓரிடத்திலுமாகத் தனித்தனியாகக் கேட்கும். இரண்டு மீட்டருக்குள் உட்காருகிறீர்கள் என்றால் கெஃப்பின் யூனி-க்யூ போல ட்வீட்டரை நடு கூம்பின் மையத்திலேயே வைத்த வகை பொருத்தம்.

அறை ரொம்பவே முரண்டு பிடித்தால் கார்டியாய்ட் வகையைப் பாருங்கள். கீ த்ரீ, டட்ச் அண்ட் டட்ச் 8சி போன்ற ஆக்டிவ் ஸ்பீக்கர்கள் பின்னால் போகும் தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே குறைக்கின்றன, அதனால் பின்சுவரின் பள்ளத் தொல்லை நன்றாக மட்டுப்படும். ஆம்பும் உள்ளேயே இருப்பதால் ஐந்தாம் படியின் தலைவலியும் குறைவு.

7. அளவீட்டைப் படியுங்கள், விளம்பரத்தை அல்ல

‘28 ஹெர்ட்ஸ் முதல்’ என்ற வரிக்குப் பக்கத்தில் பிளஸ் மைனஸ் 3 டெசிபல் என்றோ, மைனஸ் 6, மைனஸ் 10 என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுத்தள்ளுங்கள்.

சார்பற்றவர்கள் எடுத்த அளவீடு கிடைத்தால் இரண்டைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் அளந்த நேர்முகக் கோடு ஓரளவு சமதளமாக இருக்கிறதா, பக்கத்திலிருந்து அளந்த பக்கவாட்டுக் கோடுகள் அதே வடிவத்தில் சீராகச் சரிகின்றனவா. ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும், பிறகு அவரும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்திலும் கண்ணை மறைத்துச் செய்த கேட்புச் சோதனைகளில் பெரும்பாலானோர் விரும்பியவை இந்தக் குணமுள்ள ஸ்பீக்கர்கள்தான். சி.டி.ஏ. 2034 என்ற அளவீட்டுத் தரம் அந்த வேலையிலிருந்து வந்தது. பக்கவாட்டுக் கோடு ஏன் முக்கியம் என்றால், பக்கச் சுவர்களிலிருந்து திரும்பி வருவதும் உங்கள் காதுக்குத்தான் வருகிறது. அங்கே ஒரு மேடு இருந்தால், நேராக எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் சலிப்புத் தட்டும்.

8. டெமோ: நீக்குவதற்கு மட்டும்

கடையின் டெமோ அறை உங்கள் அறை இல்லை. அதனால் அங்கே பேஸைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். குரல் இயல்பாக இருக்கிறதா, காது அசருகிறதா, இந்த இரண்டுக்கும் மட்டும் பதில் தேடுங்கள்.

உங்கள் பட்டியலிலிருந்து ஆறேழு பாட்டுகளைக் கொண்டுபோங்கள். முதலில் ஒரு குரல், அதுவும் மோனோவில் ஒரே ஸ்பீக்கரில். ஸ்டீரியோவின் விசாலம் பல குறைகளை மூடிவிடும், ஒற்றை ஸ்பீக்கரில் அவை மறைய இடமில்லை.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. கொஞ்சம் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும், அரை டெசிபல் வித்தியாசம் சத்தமாகத் தெரியாமல் ‘தெளிவாக’த் தெரியும். நாற்காலியில் ஒலியளவு மீட்டரை வைத்துப் பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான சீரான இரைச்சல்) ஓட்டி, 0.2 டெசிபலுக்குள் கொண்டுவரப் பாருங்கள். முப்பது நொடிக்கு ஒருமுறை விற்பவர் பாட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். முழுதாகக் கேளுங்கள், ஒரு மணி நேரம் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் அசத்தி நாற்பதாவது நிமிடத்தில் சத்தத்தைக் குறைக்கத் தோன்றவைக்கும் ஸ்பீக்கர் வேண்டாம்.

9. வீட்டில் சோதனை

வீட்டில் வைத்துப் பார்க்க விடாதவரிடம் இந்த விலையில் பொருள் வாங்காதீர்கள். என் பிடிவாதமான கருத்து இது, விதிவிலக்கு வைத்துக்கொள்வதில்லை.

ஸ்பீக்கர் வந்ததும் டேப் ஒட்டிய இடத்திலேயே வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். முதல் நாள் ஆம்ப், கேபிள், எதையும் மாற்றாதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது எதைச் செய்தது என்று கடைசிவரை தெரியாது.

மூன்றாம் படியில் எடுத்த அளவை அதே மைக், அதே இடத்தில் மறுபடி எடுங்கள். பழைய மேடுகள் அதே இடத்தில் நிற்பதைப் பார்ப்பீர்கள். கேள்வி, அவை இப்போது கூடியிருக்கின்றனவா குறைந்திருக்கின்றனவா என்பதுதான். பேஸை முதலில் சரிசெய்யுங்கள், ஸ்பீக்கரை முன்னும் பின்னும் பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்த்தி, பேஸ் கிட்டார் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போட்டு, எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே கனத்தில் வரும் இடத்தைப் பிடியுங்கள். அதற்குப் பிறகுதான் உள்பக்கமாகத் திருப்பும் கோணம். கோணத்தை முதலில் சரிசெய்து, பிறகு பேஸுக்காக நகர்த்தினால் கோணம் மறுபடி கெட்டுவிடும், வேலை இரட்டிப்பாகும்.

ரூம் கரெக்‌ஷன் இருந்தால் கடைசியில் போடுங்கள். டிராக் லைவ் போன்ற அறைத்திருத்த மென்பொருள்கள் மேடுகளை நன்றாக வெட்டும். பள்ளங்களை அவற்றால் நிரப்ப முடியாது: அந்த இடத்தில் ஒலி ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கிறது, எவ்வளவு ஊட்டினாலும் ரத்தாகிக்கொண்டேதான் இருக்கும். 6 டெசிபல் தூக்க நான்கு மடங்கு வாட் போகும், பள்ளம் மட்டும் அப்படியே இருக்கும். பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம்தான்.

அப்புறம் ஸ்பீக்கரை மறந்துவிட்டு சில நாள் வழக்கம்போல் கேளுங்கள். இரவில் மெதுவாக, பகலில் சத்தமாக, சோபாவின் ஓரத்திலிருந்து, அடுத்த அறையிலிருந்து. கதவோ ஜன்னல் கண்ணாடியோ எந்தச் சுரத்தில் அதிர்கிறது என்று கவனியுங்கள், அதை ஸ்பீக்கரின் குறை என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். கடைசி நாள் பழைய ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டுங்கள். காது புதியதற்குப் பழகிவிட்டதால், என்ன போனது என்பது இப்போதுதான் தெரியும். ‘எதுவும் பெரிதாகப் போகவில்லையே’ என்று தோன்றினால் அதையும் நம்புங்கள்.

10. முடிவு

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்கள் எனக்குத் தெளிவாகவே தெரிகின்றன. ஸ்பீக்கர் கேட்கும் இடைவெளியை நிரந்தரமாக உங்களால் கொடுக்க முடியாது. நாற்காலியை நகர்த்தவே முடியாத அறையில், அந்த நாற்காலியில் ஆழமான ஒரு பள்ளம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் அதில் பழையதைவிட நன்றாக இல்லை. அதை ஓட்ட இன்னொரு ஆம்பும் வாங்க வேண்டியிருக்கிறது, அந்தத் தொகை கணக்கில் இல்லை. இதில் ஒன்று இருந்தாலும் நிறுத்துங்கள், ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று இழுக்காதீர்கள்.

வேண்டாம் என்று முடிவானால் அந்தப் பணத்தை அறைக்குத் திருப்புவதே அடுத்த வழி. மூலைகளில் தாழ்ந்த ஒலியை உறிஞ்சும் கனமான பேஸ் டிராப், பக்கச் சுவர்களில் முதல் பிரதிபலிப்பு விழும் இடத்தில் பத்து சென்டிமீட்டர் தடிமனுக்கு உறிஞ்சு பலகை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் சுவரோடு கண்ணாடியை நகர்த்தட்டும், ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் அது. இவற்றோடு சின்ன அளவில் நல்ல புக்‌ஷெல்ஃப் ஜோடி ஒன்றும், சின்ன சப்வூஃபர்கள் இரண்டும். சப்வூஃபரை உட்காரும் இடத்தில் வைத்து ஓட்டிவிட்டு, அறையின் ஓரமாகத் தவழ்ந்து, காதுக்கு பேஸ் சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒன்றை நிறுத்துங்கள். இரண்டாவதை எதிர்ச்சுவரின் நடுவில் தொடங்கி நகர்த்திப் பாருங்கள். இரண்டு சப்வூஃபர்கள் இருந்தால் ஒன்று விட்ட பள்ளத்தை மற்றொன்று ஓரளவு மூட முடியும், பெரிய டவர் ஸ்பீக்கர் நிற்கும் இடத்திலிருந்து அதைச் செய்ய முடியாது, ஏனென்றால் டவரை ஸ்டீரியோவுக்குச் சரியான இடத்தில்தான் வைக்க வேண்டும், பேஸுக்குச் சரியான இடம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். இதெல்லாம் முடிந்த பிறகு மூன்றாம் படியின் அளவை மறுபடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பெரிய ஸ்பீக்கர் ஆசை திரும்ப வந்தால் அந்தக் கிராஃபிலிருந்து தொடங்கலாம்.